சாயங்காலம் 4 மணிக்கு மேல் பிள்ளைகள் யார் பொறுப்பு?

வேலைக்குப் போகும் தாய்மார்களின் தீராத கவலை! கண்ணகி நகர் கபடித் திடல் காட்டிய வழி!

(நமது நிருபர்)

சென்னையில் ஒரு பையன் முதன்முதலாகத் தடம் புரள்வது எந்த நேரத்தில்?

நடுராத்திரி என்பீர்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு தேய உட்கார்ந்து செய்தி சேகரிக்கிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். அது சாயங்கால நேரம். பள்ளிக்கூடத்து மணி அடித்ததற்கும், வேலைக்குப் போன அம்மா பஸ்சை விட்டு இறங்குவதற்கும் நடுவே உள்ள நேரம். வெளிச்சம் இருக்கும். தெருவில் ஜனங்கள் நடமாட்டம் இருக்கும். வீட்டில் மட்டும் ஆள் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பள்ளிக்கூடம் விடுவது நாலேகால். அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவி, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வர ஆறரை ஆகிவிடும். பஸ் கிடைத்து, நெரிசலில் நின்று, இறங்கி, வழியில் கால் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது மணி ஏழே முக்கால். அப்பாவுக்குப் பெயிண்டிங் வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் அவர் எப்போது வீடு வந்து சேருவார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்!

ஆக, ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம். வருஷத்துக்கு 200 நாள் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொண்டாலும் 700 மணி நேரம். லீவு நாட்கள் தனி.

"எங்கேடா போனே? யாரோட போனே?" என்று கேட்க ஆள் இல்லாத 700 மணி நேரம்!

வயிற்றுக்கு ஆள் உண்டு

இந்த ஊர் ஏழைப் பிள்ளைகளை அடியோடு மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. 1920-ம் ஆண்டிலேயே, சர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டார்கள். தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று அப்போது கணக்கு. பிறகு காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது.

காலை எட்டு மணிக்குப் பிள்ளையைக் கவனிக்க ஆள் உண்டு. பன்னிரண்டரைக்கும் உண்டு. நாலு மணி அடித்தால்? அந்த மணியோடு அரசாங்கமும் வீட்டுக்குப் போய்விடுகிறது!

நடுவில் ஒரு தடவை மட்டும் இந்த நேரத்தைக் குறி வைத்து ஒரு காரியம் நடந்தது. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நஷ்டத்தை ஈடு கட்ட, 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. அந்தந்தத் தெருவில் படித்தவர் ஒருவர், பெரும்பாலும் பெண். சாயங்காலம் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே பாடம். அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பாடம் மண்டையில் ஏறியதோ இல்லையோ, பிள்ளை உட்கார ஒரு திண்ணையும், பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்காவும் கிடைத்தார்கள். பின்னால் மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. அதுவும் 8-ம் வகுப்போடு சரி. மீசை அரும்புகிற வயசு அதற்கப்புறம்தானே ஆரம்பிக்கிறது!

20 கிலோ மீட்டர் தள்ளிப் போன வீடு

பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது கண்ணகி நகர். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை 2000-ம் ஆண்டு தொடங்கி இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். 2004 சுனாமியில் வீடு இழந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்து 23 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். வீட்டுக்கு 4 பேர் என்று கணக்கு வைத்தாலே 90 ஆயிரம் பேருக்கு மேல். ஒரு நகராட்சிக்குச் சமம்!

கட்டியது குடிசை மாற்று வாரியம். 2021-ல் அந்த வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறிவிட்டது. பெயர் நீண்டது. வீடு நீளவில்லை. ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியைச் சுற்றித்தான். நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆளுக்குக் காலை நீட்ட இடம் தேட வேண்டும். இதில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? படிக்காத நேரத்தில் எங்கே இருப்பான்? கீழேதான் இருப்பான். கீழே யார் யார் நிற்கிறார்கள் என்பது போலீசாருக்கும் தெரியும், கஞ்சாப் பொட்டலம் விற்கிறவனுக்கும் தெரியும்.

பழைய குப்பத்தில் வீடு ஒழுகியது. சாக்கடை நாறியது. ஆனால் எதிர்வீட்டு ஆயா ஒருத்தி இருந்தாள். முக்குக் கடை அண்ணாச்சி, "உங்கம்மா வரட்டும், சொல்றேன்" என்று மிரட்டுவார். வீடு கைமாறியபோது உறவும் அக்கம்பக்கமும் ஆளுக்கொரு பிளாக்காகச் சிதறிப்போயின. அம்மா செய்து கொண்டிருந்த வீட்டு வேலை மட்டும் அதே மயிலாப்பூரிலும் அதே நுங்கம்பாக்கத்திலும் நின்றுவிட்டது. பிள்ளைகள் தனியாக இருக்கும் நேரம் போகவர இரண்டு மணி நேரம் கூடிப் போச்சு. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காசு மிச்சமானது நிஜம். நேரத்தை எந்த கண்டக்டர் திருப்பிக் கொடுப்பார்?

போதாக்குறைக்கு ஊர்ப் பெயர் வேறு. 'கண்ணகி நகர் வாலிபர் கைது' என்று தலைப்பு வந்து வந்து, விலாசம் சொன்னாலே வேலை கொடுக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது அங்கே வெகுநாளைய புகார். அடையாறில் ஒருவன் செயின் அறுத்தால் 'அடையாறு வாலிபர்' என்று யாரும் தலைப்புப் போடுவதில்லை.

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம்

இந்த இடத்தில்தான் கபடி வருகிறது.

கபடிக்கு பேட் வேண்டாம். பந்து வேண்டாம். வலை வேண்டாம். ஷூ கூட ஆரம்பத்தில் அவசியமில்லை. பெண்களுக்கு ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை விடச் சின்னது. கண்ணாடியும் கல்லும் பொறுக்கிப் போட்டுவிட்டு, சுண்ணாம்பில் கோடு இழுத்தால் களம் தயார். ஏழு பேருக்கு ஏழு பேர். பாடிப் போய்த் திரும்ப 30 வினாடி. செலவு இல்லாத விளையாட்டு என்பதால்தான் இது ஏழைத் தெருவில் வேர் பிடிக்கிறது.

கண்ணகி நகரில் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர் அந்தப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பல வருஷமாகக் கபடி சொல்லிக் கொடுத்து வந்தார். பெரிய ஸ்டேடியத்தில் அல்ல. பகட்டான மேட் விரித்தும் அல்ல. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் கார்த்திகா. உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளை.

2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. கபடியை வைத்து எடுத்த 'பைசன்' படம் இங்கே தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதே சமயம். 18 வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் அணியில் கார்த்திகா துணை கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று அடித்து நொறுக்கித் தங்கப் பதக்கம்! ஊர் திரும்பியவருக்குத் தமிழக அரசு ரூ.25 லட்சம் கொடுத்தது.

அந்த வாரம் எல்லாப் பத்திரிகைகளும் ஒரே மாதிரி எழுதின: 'கண்ணகி நகர் கார்த்திகா'. இருபத்தைந்து வருஷமாகக் குற்றச் செய்தியில் ஏறிய ஊர்ப் பெயர், முதல் பக்கத்தில் தங்கப் பதக்கத்தோடு ஏறியது. இதைப் படித்துக்கொண்டே பஸ்சில் போன எத்தனை ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள், பேப்பரைத் திருப்பிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டியிருப்பார்களோ!

பதக்கம் வாங்காத பிள்ளைகள்

ஆனால் ஒரு விஷயம். மேடையில் மாலை விழுந்தது ஒரு பிள்ளைக்கு. அந்தக் களத்தில் கூடவே மூச்சுப் பிடித்து ஓடிய மற்றப் பிள்ளைகள்? அவர்களில் பல பேர் இந்திய அணிக்குப் போகப் போவதில்லை. மாவட்ட அணிக்கே போக மாட்டார்கள். யாரோ ஒருத்தி நர்சிங் படிப்பாள். யாரோ ஒருவன் ஏ.சி. மெக்கானிக் ஆவான். பதினாறு வயசில் கேஸ் வாங்காமல், பதினேழு வயசில் கல்யாணம் ஆகாமல், இருட்டினதும் ஒழுங்காய் வீடு போய்ச் சேர்ந்தார்களே, அதற்கு யாரும் மாலை போடுவதில்லை. கடைக்காரர்கள் பாஷையில் சொன்னால், பதக்கம் என்பது தீபாவளி வியாபாரம். தினசரிக் கல்லாவில் விழுவது இதுதான்.

இந்தத் தினசரி வியாபாரத்தை நடத்துகிறவருடைய வேலை என்ன? விசில் அடிப்பது என்று நினைத்தால் தப்பு. விசில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். முக்கியமான சாமான் ஒரு நாற்பது பக்க நோட்டு. வந்தவர்கள் பெயர் அதில் இருக்கும். வராதவன் வீட்டுக்கு அன்றைக்கே ராத்திரி போய்க் கதவைத் தட்டுவதுதான் வேலையிலேயே பெரிய வேலை.

போனால் என்ன தெரியும்? ஒருத்தனுக்குக் காய்ச்சல். அது சுலபம். இன்னொருத்தன் கேட்டரிங்கில் இலை எடுக்கப் போயிருக்கிறான். ராத்திரிக்குக் கையில் காசு, கூடவே பிரியாணி. அவனை "படிப்புதாண்டா முக்கியம்" என்று சொல்லித் திருப்ப முடியாது. வீட்டில் அந்தக் காசு தேவைப்படுகிறது. முகூர்த்த நாள் போக மற்ற நாளில் வா என்று பேரம் பேசத் தெரிய வேண்டும். மூன்றாவது பையன் வீட்டில் முதல் நாள் ராத்திரி அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்திருக்கிறார். பையன் வெட்கப்பட்டு வரவில்லை. நாலாவது பையனுக்கு மட்டும் காரணம் யாருக்கும் தெரியாது. புதுசாக ஒரு செல்போன் கையில் இருக்கும். அங்கேதான் உஷாராக வேண்டும்!

இதையெல்லாம் சம்பளத்துக்கு வருகிறவர் செய்வது கஷ்டம். அதே தெருக்காரராக இருந்தால்தான் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவு திறப்பார்கள்.

பேனர் கட்டுகிறவர்கள்

ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ ஆள் இல்லையா என்றால், நிறைய இருக்கிறார்கள். பிறந்த நாளைக்கு வருவார்கள். பேனர், நோட்டுப் புத்தகம், பிஸ்கட் பாக்கெட், போட்டோ. மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அடுத்த வருஷம் அதே தேதிக்குக் காத்திருக்க வேண்டும். 2020-ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுவரில் இருக்கும் படம், "ஏன் நேத்து வரலே?" என்று கேட்காது.

போலீஸ் தரப்பிலும் சும்மா இல்லை. சென்னையில் போலீஸ் சிறுவர், சிறுமியர் மன்றங்கள் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் மாநகரப் போலீசார் பள்ளி மாணவர்களுக்காக 'சிற்பி' என்று ஒரு திட்டமும் கொண்டுவந்தார்கள். இந்த மாதிரி மன்றங்களில் ஓர் அக்கறையான இன்ஸ்பெக்டர் இருக்கும்வரை கேரம் போர்டில் பவுடர் வாசனை இருக்கும். அவருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் போர்டு பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிற கதைதான் ஊரெங்கும். ஆளை நம்பி நடக்கிற காரியத்தில் ஆளைத் தூக்கினால் என்ன மிஞ்சும்?

வட சென்னை கதை

கேரம் என்றதும் வட சென்னை ஞாபகம் வராமல் போகாது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஓர் ஆட்டோ டிரைவர். சவாரி முடித்த கையோடு பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுப்பார். அவர் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் 3 தங்கம் வென்று வந்தார். தமிழக அரசின் பரிசு ஒரு கோடி ரூபாய்! ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஒரு சவாரி விட்டால் நூறு, நூற்றைம்பது நஷ்டம். சாயங்காலம் என்பது சவாரி கிடைக்கிற நேரம். அந்த நேரத்தை எடுத்துத்தான் அவர் போர்டு முன்னால் உட்கார்ந்தார்.

வியாசர்பாடியில் பந்து. பெரம்பூர் பி அண்ட் சி மில் சங்கு ஊதிய காலத்தில் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு ஷிப்டு இருந்தது, சம்பளம் இருந்தது. 1918-ல் இந்தியாவிலேயே முன்னோடியான தொழிற்சங்கம் பிறந்த வட்டாரம் அது. 1996-ல் மில் மூடியது. கூலி வேலைக்குச் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகளை, உள்ளூர்க்காரர்கள் சிலர் 1990-களின் கடைசியிலிருந்து முல்லை நகர்த் திடலில் கால்பந்துக்குச் சேர்த்தார்கள். பந்தோடு டியூஷனும் உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காதே, அப்புறம் பந்தைத் தொடு என்பது அங்கே ஏற்பாடு. 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர்தான்.

கபடி, கேரம், கால்பந்து. மூன்றிலும் சாமான் வேறு. சங்கதி ஒன்று. சாயங்காலம் தவறாமல் வந்து நிற்கிற, அதே ஊர்க்கார ஆள் ஒருவர்.

பெண் பிள்ளை என்றால்...

பையன்களைச் சேர்ப்பது பாதி வேலை. பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் மீதி. பத்து வயசு வரை அனுப்புவார்கள். பெரியவளானதும் நிறுத்திவிடுவார்கள். "ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு நாலு பேர் பார்க்க ஆடணுமா?" என்று ஆயா ஒரு பக்கம் ஆரம்பிப்பாள். தம்பியை யார் பார்த்துக்கொள்வது, தண்ணி யார் பிடிப்பது என்று அடுத்த பிரச்சினை. தம்பியைத் திடலுக்கே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுகிறவர்தான் கெட்டிக்காரர். பக்கத்தில் ஒரு கக்கூஸ் இல்லாவிட்டால் எந்தப் பேச்சும் எடுபடாது. மைதானத்துக்கு லட்சம் லட்சமாக எஸ்டிமேட் போடும் அதிகாரிகள் முதலில் ஒரு தாழ்ப்பாள் போட்ட கக்கூசும், ஒரு தெரு விளக்கும் போட்டுக் கொடுத்தால் பாதிப் பெண்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் ஒளிக்காமல் எழுத வேண்டும். பிள்ளைகள் கூடுகிற இடத்துக்கு நல்லவர்கள் மட்டும் வருவதில்லை. அதனால் பயிற்சி தருகிற ஆள் யாராக இருந்தாலும், பெண் பிள்ளைகள் இருக்கும்போது இன்னொரு பெரியவர், அதுவும் ஒரு பெண், கூட இருக்க வேண்டும். தனியாக வண்டியில் ஏற்றிப் போவது, தனி அறையில் பேசுவது கூடாது. தப்பு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதுவும் குற்றம். பிள்ளைகளே கூப்பிடக்கூடிய நம்பர் 1098. காசு கிடையாது. இதைத் திடல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சங்கடப்படுகிறவரிடம் பிள்ளையை விடாமல் இருப்பதே நல்லது.

போட்டிக்கு வெளியூர் போகிற சமயம்தான் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும். வயசுப் பிரிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வீடு மாறியபோது அது எந்தப் பெட்டியில் போனதோ! பள்ளிக்கூடத்தில் லீவு எழுதி வாங்க வேண்டும். வேனுக்கு டீசல் போட வேண்டும். தலைக்கு ரெண்டு வாழைப்பழம், ரெண்டு முட்டை. எல்லாம் சேர்ந்த பிறகு, ஏழே முக்காலுக்குப் படியேறி வருகிற அம்மாவிடம் பேச வேண்டும். தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்பி வரும்?"

பதினொன்று ஆகும் என்றால் பதினொன்று என்றே சொல்ல வேண்டும். ஒன்பது என்று சமாதானம் சொல்லிவிட்டுப் பதினொன்றுக்கு வந்தால் அந்த வீட்டுக் கதவு அத்தோடு சாத்திவிடும். கூட வரும் அக்காவின் பெயர், வேன் நம்பர், இரண்டு செல் நம்பர் எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். அம்மா அதை மடித்து, காலண்டர் ஆணியில் ரேஷன் பையோடு சேர்த்து மாட்டிவிட்டு, மறுநாள் காலைக்குச் சோடா பாட்டிலில் தண்ணி பிடித்து வைக்கிறாள்.